பார்வையற்ற குழந்தை உங்கள் வகுப்பில் சேர்ந்தால்: ஜூன் முதல் ஆண்டுத் தேர்வு வரை முழு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்து பத்து நாள் ஆவதற்குள் எனக்கு எப்படியும் இரண்டு மூன்று போன் வந்துவிடும். "சார், என் கிளாஸ்ல கண்ணு தெரியாத பையன் ஒருத்தன் சேர்ந்திருக்கான். எனக்கு விரலால தடவிப் படிக்கிற பிரெய்ல் எழுத்தெல்லாம் தெரியாது சார். நீங்கதான் வந்து பார்க்கணும்." நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். கண்டிப்பாகப் போவேன். ஆனால் எத்தனையோ பள்ளிகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. மீதி நாலு நாளும் அந்தக் குழந்தை உங்களோடுதான் இருக்கப்போகிறது. இதை எழுதுவது அந்த நாலு நாளுக்காக.

ஒரே ஒரு சோதனையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அந்தக் குழந்தையின் கைகளைப் பாருங்கள். கையில் ஏதாவது இருக்கிறதா? புத்தகம், ஸ்லேட், மணி, இலை, கல், எதுவானாலும் சரி. கை மடியில் சும்மா கிடந்தால் அந்தப் பாடம் அவனுக்கு நடக்கவில்லை என்று அர்த்தம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்தேன். சுவரோரம் கடைசி பெஞ்ச். "ரொம்ப அமைதியான பையன் சார், ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார் டீச்சர். குறள் கேட்டால் மடமடவென்று சொன்னான், வாய்ப்பாடு பதினாறு வரை தெரியும். எல்லாம் காதில் விழுந்தது. மூன்று வருடமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. யாரும் அவனைத் திட்டியதில்லை, எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பாவம் பார்த்தே மூன்று வருடத்தை வீணாக்கியிருந்தார்கள்.

சேர்க்கும் நாளில்

சட்டம் இரண்டு வரியில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31-இன்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தை, 6 வயதிலிருந்து 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்கலாம். "எங்க ஸ்கூல்ல வசதி இல்லைங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை எல்லாம் அலைந்து வாங்கவேண்டியவை. வட்டார அளவில் நடக்கும் மருத்துவ முகாமில் அந்த வேலை நடக்கும். அது வரும்வரை குழந்தை வீட்டில் காத்திருக்க வேண்டாம், வகுப்பில் உட்காரட்டும்.

சான்றிதழைவிட உங்களுக்கு அதிகம் உதவப்போவது அம்மாவோடு பேசும் பத்து நிமிடம். "பார்வை இல்லை" என்று எழுதியிருக்கும் குழந்தைகளில் பலருக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். சட்டக் கணக்கில் பார்வைக் கூர்மை 3/60-க்குக் கீழே போனாலே பார்வையின்மைதான். மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரிவது இவர்களுக்கு 3 மீட்டர் தூரத்துக்கு வந்தாலும் தெரியாது. ஆனாலும் வெளிச்சம், நிழல், நிறம் தெரியக்கூடும். ஒரு அம்மா போகிறபோக்கில் சொன்னார்: "பால் பாக்கெட் எடுத்துட்டு வரச்சொன்னா நீலமா பச்சையான்னு கண்ணுகிட்ட வச்சுப் பார்த்துக் கரெக்டா சொல்லிடுவான் சார்." எனக்கு அது போதும். அவனுக்குக் கறுப்பு மார்க்கரில் உள்ளங்கை அளவு எழுத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கை, சாய்மேசை. பிரெய்லும் கூடவே தொடங்கினோம், ஏனென்றால் சில கண் நோய்களில் பார்வை போகப்போகக் குறையும். அதைக் கண் மருத்துவரிடம் கேட்டு வரச்சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய மற்றவை: பிறவியிலேயே பார்வை இல்லையா, பிறகு போனதா? வீட்டில் தானே சாப்பிடுகிறானா, தானே பாத்ரூம் போகிறானா? இரண்டாவது கேள்விக்கு "நான்தான் ஊட்டிவிடுவேன்" என்று பதில் வந்தால், எழுத்துக்கு முன்னால் சோறு பிசைவதில் இருந்து தொடங்கவேண்டும்.

முதல் வாரம்: பள்ளிக்கூடத்தைக் காலால் படித்தல்

நாலு நாள், பள்ளி விட்டபின் பதினைந்து நிமிடம். கேட் முதல் வகுப்பு வரை, வகுப்பு முதல் கழிப்பறை வரை, வகுப்பு முதல் சத்துணவுக் கூடம் வரை. ஒரு நாளைக்கு ஒரே பாதை, திரும்பத் திரும்ப. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவன் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும் (சிறு பிள்ளை என்றால் மணிக்கட்டு), நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். நீங்கள் படி ஏறினால் உங்கள் கை உயர்வது அவனுக்குத் தெரியும், வாயால் சொல்லவே வேண்டாம்.

பாதைக்கு அடையாளம் வையுங்கள். குழாய் சொட்டும் சத்தம், சமையல் கூடத்தின் பருப்பு வாசனை, வேப்பமரத்தடியில் சிமெண்ட் முடிந்து மண் தொடங்கும் இடம். நம் கண்ணுக்குப் படாத இவையெல்லாம் அவனுக்குப் பெயர்ப்பலகை.

வகுப்பில் மூன்று விதி, எல்லாப் பிள்ளைகளுக்கும்: பை நடைபாதையில் கிடக்கக் கூடாது. பெஞ்சை நகர்த்தினால் அவனிடம் சொல்லவேண்டும். கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாகச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு கைக்கும் தட்டுப்படாது, கோலுக்கும் தட்டுப்படாது, நேராக நெற்றியில்தான் படும். நான் பார்த்த தையல்களில் பாதி இதனால் போட்டவை.

உங்கள் பேச்சை மாற்றுவது

இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் இதுதான் மிகக் கஷ்டம். ஒரு கணக்குப் பாடத்தில் நம் வாயிலிருந்து வருவதை ஒருமுறை போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். "இதையும் இதையும் கூட்டினா என்ன வரும்? அதை இங்க போடு. இப்ப இதைப் பாரு." ரேடியோவில் வந்தால் இந்தப் பாடம் யாருக்காவது புரியுமா? அதையே "47-உம் 36-உம். ஒன்றாம் இடத்தில் 7-உம் 6-உம் சேர்ந்தா 13, மூணை எழுதி ஒண்ணை மேலே ஏத்துறேன்" என்று கையும் வாயும் ஒன்றாகப் போகும்படி சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சில் கரும்பலகை சரியாகத் தெரியாமல் இருந்த நாலு பேருக்கும் சேர்த்துப் புரியும்.

"நீ சொல்லு" என்று கையை நீட்டாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். அவனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு நகர்ந்தால் "நான் போறேன்டா" என்று ஒரு வார்த்தை. வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பது எந்தக் குழந்தைக்கும் அவமானம், பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கும்போது இன்னும் அதிகம். "பார்", "பார்த்தியா" என்ற சொற்களைத் தவிர்க்கவேண்டும் என்று சிலர் பதறுவார்கள். தேவையில்லை. "நேத்து மேட்ச் பார்த்தேன் சார்" என்று அவனே சொல்லுவான்.

பிரெய்ல்: நீங்களும் கற்றுக்கொள்ளலாம்

உங்களுக்கு விரலால் வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. கண்ணால் வாசித்தால் போதும். தினம் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள், இரண்டு வரிசை. இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. 1951-இல் வந்த பாரதி பிரெய்ல் முறையில் இந்திய மொழிகளுக்கு ஒலி ஒன்றானால் குறியும் பெரும்பாலும் ஒன்று. அ என்பது புள்ளி 1 மட்டும். க என்பது 1, 3. ம என்பது 1, 3, 4. ஆ என்பது 3, 4, 5.

தமிழ் ஆசிரியருக்கு இதில் ஒரு ருசி உண்டு. அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுக் ககரத்தைப் பிறகு எழுதுகிறோம், ஒலிப்பதோ க் முதலில். பிரெய்லில் அந்தக் குழப்பம் கிடையாது: க, பிறகு எ. காதில் கேட்கும் வரிசையிலேயே எழுத்து போகும். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது என்பதை வேறு எந்தப் பிள்ளைக்கும் முன்னால் இவன் புரிந்துகொள்வான். ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தலைகீழ். அது எழுத்துக்கு முன்னால் வரும், புள்ளி 4 ஆக. ஆகவே 'அம்மா' என்பது ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. எண்களுக்கு 3, 4, 5, 6 சேர்ந்த எண்குறி முன்னால் வரும். எண்குறிக்குப் பின் அகரம் வந்தால் அது 1.

பிரெய்ல் ஸ்லேட்டை (தாளை இடையில் வைத்துப் புள்ளி குத்தும் கீல் வைத்த சட்டம்) கையில் கொடுக்குமுன் விரலைப் பழக்கவேண்டும். துவரையும் உளுந்தும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். அது சுலபமாகிவிட்டால் கேழ்வரகும் கடுகும். சுருக்குப்பை முடிச்சு, பாட்டில் மூடி திருகுவது, பூ தொடுப்பது எல்லாம் எழுத்துப் பயிற்சிதான். அடுத்து ஆறு முட்டை வைக்கும் அட்டைப்பெட்டி. நிமிர்த்தி வைத்தால் ஆறு குழி, இரண்டு வரிசை. கோலிக்குண்டு போட்டால் பிரெய்ல் எழுத்து. 'க'வுக்கு இரண்டு கோலி, மேலே ஒன்று, கீழே ஒன்று. முதல் வாரம் இதிலேயே போகட்டும்.

பிறகு ஸ்லேட்டும் எழுத்தாணியும். இங்கேதான் ஆசிரியர்கள் அதிர்ந்துபோவார்கள்: எழுதுவது வலமிருந்து இடம். தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துகிறோம். தாளைத் திருப்பினால் மேடு மேலே வரும், அப்போது இடமிருந்து வலமாக வாசிக்கலாம். எழுதும்போது புள்ளி 1 வலப்பக்கம் மேலே இருக்கும். "தப்பா எழுதுறான்" என்று கையைத் திருப்பி வைத்த டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். பிழையாகிவிட்டால் ஆறு புள்ளியையும் குத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள், அதுதான் அவர்களுடைய அடித்தல். பழகும்போது நல்ல பிரெய்ல் தாளை வீணாக்கவேண்டாம், பழைய வார இதழ் அட்டையும் நாள்காட்டி அட்டைத்தாளும் நன்றாகக் குத்தும். டக் டக் என்ற சத்தம் முதல் இரண்டு நாள் வகுப்புக்கு வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நோட்டைத் திருத்துவது எப்படி? அவனையே வாசிக்கச் சொல்லி, நீங்கள் கண்ணால் கூடவே போங்கள். தான் எழுதியதைத் தானே வாசிக்கும்போது பாதிப் பிழை அவன் விரலுக்கே அகப்படும். சிவப்பு மையால் போடும் 'நன்று' அவனுக்கு இல்லாத ஒன்று. ந, புள்ளி, ன, ற, உ என்று ஐந்து கட்டம், அதைக் குத்தக் கற்றுக்கொள்ளுங்கள். முதன்முதலாக ஒரு பிள்ளை அதை விரலால் தடவி, இன்னொரு முறை தடவி, பக்கத்துப் பையனின் விரலைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்தான். அன்றைக்கு அந்த வகுப்பில் வேறு பாடம் நடக்கவில்லை.

கணக்கு

பார்வையற்றவர்களுக்குக் கணக்கு வராது என்ற பேச்சு கருவி கொடுக்காத குறையை மறைக்க வந்த பேச்சு. இரண்டு கருவி இருக்கின்றன. ஒன்று டெய்லர் சட்டம் என்ற கணக்குப்பலகை: நட்சத்திர வடிவத் துளைகள், அவற்றில் செருகும் சிறு உலோக அச்சுகள். அச்சை எட்டுத் திசையில் திருப்பலாம், இரண்டு முனையும் வேறுவேறு, ஆக 16 குறிகள். எண்ணும் கூட்டல் கழித்தல் குறிகளும் அதற்குள் அடங்கிவிடும். கணக்கை வரிசை வரிசையாக வைத்துப் படி போட்டுக்காட்ட இதுதான் சரி. மற்றொன்று மணிச்சட்டம். பார்வையற்றோருக்கான கிரான்மர் மணிச்சட்டம் 1962-இல் வந்தது. ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச்சட்டத்துக்கு மேலே ஐந்தைக் குறிக்கும் ஒரு மணி, கீழே நாலு. மணிகளுக்கு அடியில் கம்பளித்துணி இருப்பதால் விரல் பட்டதும் ஓடிவிடாது. கடையில் விற்கும் சாதாரண மணிச்சட்டத்தைக் கொடுத்துவிட்டு "தடவிப்பார்" என்றால், தடவும்போதே விடை மாறிவிடும்.

வடிவியலுக்குத் தையல்காரர்களிடம் இருக்கும் பல் சக்கரம் வாங்குங்கள், துணியில் அடையாளம் போடுவார்களே அது. பழைய ரப்பர் பாய் மேல் தாளை வைத்து, சக்கரத்தால் முக்கோணம் ஓட்டினால் மறுபக்கம் புள்ளிக்கோடு எழும். இட வலம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வரைபடத்துக்குத் தெர்மாகோல், குண்டூசி, ரப்பர் பேண்ட். பின்னத்துக்குத் தோசை. சத்துணவில் தோசை இல்லையே என்றால் காகித வட்டம்.

அறிவியல், சமூக அறிவியல்

செம்பருத்தியைப் பிரித்துப் பார்ப்பதில் அவன் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன், மகரந்தம் விரலில் ஒட்டுவதை முதலில் சொல்வது அவனாகத்தான் இருக்கும். மின்சுற்றுப் பாடத்தில் பல்புக்குப் பதில் ஒரு சிறிய பஸர் வையுங்கள். சுற்று முழுமையானால் கத்தும். இத்தனை வருடத்தில் நான் சொன்ன யோசனைகளில் வகுப்பு முழுக்க ஆசைப்பட்டுக் கேட்டது இதுதான். திரவம் அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு, தண்டில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு.

பொம்மைகளில் மட்டும் எச்சரிக்கை. பிளாஸ்டிக் யானையும் பிளாஸ்டிக் நாயும் ஒரே அளவில் இருந்தால், இரண்டும் நிஜத்திலும் ஒரே உயரம் என்றுதான் விரல் நம்பும். யானையைத் தொட்டுக்காட்ட முடியாது. அதன் கால் தடிமனுக்கு ஒரு தென்னைமரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்லலாம், உயரத்துக்குச் சுவரில் உங்கள் கை எட்டும் இடத்தைச் சொல்லலாம். நிலப்படத்துக்கு எல்லைக்கோட்டில் ஃபெவிகால் தடவி நூல் ஒட்டுங்கள், கடலுக்கு உப்புத்தாள். ஒரு படத்தில் ஒரே விஷயம். ஆறும் மலையும் ரயில் பாதையும் ஒன்றாக ஒட்டினால் விரலுக்குச் சிக்குதான் மிஞ்சும்.

விளையாட்டும் சாப்பாடும்

பி.டி. பீரியடில் "நீ உட்காரு, விழுந்துடுவே" என்பதுதான் வழக்கம். விழட்டும், மற்ற பிள்ளைகளும்தான் விழுகிறார்கள். ரப்பர் பந்தைச் சத்தம் போடும் கேரி பேக்கில் சுற்றிக் கட்டினால் உருளும்போது சரசரக்கும். பார்வையற்றோர் கிரிக்கெட் நிஜமாகவே உள்ள விளையாட்டு, உள்ளே சிறு உலோகக் குண்டுகள் கிலுகிலுக்கும் பந்து, தரையோடு உருட்டிப் போடுவார்கள். 2012-இல் பெங்களூரில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையில் இந்தியாதான் ஜெயித்தது. ஓட்டப்பந்தயத்துக்கு ஒரு முழக் கயிறு, ஒரு முனை அவன் கையில், மறுமுனை நண்பன் கையில். மழை நாளில் பல்லாங்குழி. எந்த மாற்றமும் செய்யாமல் எல்லாரும் சமமாக ஆடக்கூடிய ஆட்டம் அது. குழியில் கைவிட்டதும் எத்தனை முத்து என்று சொல்லும் பிள்ளையை ஜெயிப்பது கஷ்டம்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தில் மேடையேற்றிப் பாட வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. என் மாணவி ஒருத்திக்குச் சுருதியே சேராது. ஆனாலும் வருடாவருடம் மைக் அவள் கைக்குத்தான் போகும். அவளுக்குப் பிடித்தது கணக்கு. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பாட்டில் தட்டைக் கடிகாரமாக நினைத்து "மூணு மணிப் பக்கம் முட்டை" என்று சொல்வது வழக்கம், ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. "முட்டை இடதுகைப் பக்கம், சாம்பார் நடுவுல" போதும். கைகழுவ, கழிப்பறை போக ஒரே நண்பனை வருடம் முழுக்கத் துணைக்குப் போடாதீர்கள். அது இரண்டு மாதத்தில் அலுத்துவிடும், பிறகு கோபமாக மாறும். வாரம் ஒருவர். அவனுக்கும் வகுப்பில் ஒரு வேலை கொடுங்கள். வருகைப்பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல வேலை, பாதையும் பழகும்.

தேர்வு

ஆரம்ப வகுப்புகளில் அவனே பிரெய்லில் எழுதட்டும், உங்களுக்கு வாசித்துக்காட்டட்டும். படம் பார்த்து விடையளி என்ற கேள்விக்கு மாற்றுக்கேள்வி முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும், தேர்வன்று காலை யோசிக்கக் கூடாது. 10, 12 பொதுத்தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாக, உரிய சான்றுகளோடு, பல மாதம் முன்பே போகவேண்டும். மொழிப்பாட விலக்கைக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். கல்லூரியில் என்ன படிக்க ஆசை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொல்லி எழுதவைப்பது தனிக் கலை. எட்டாம் வகுப்பிலேயே பழக்குங்கள். "அடுத்த பத்தி", "இதுக்கு அடிக்கோடு", "மூணாவது கேள்விக்குத் திரும்பிப் போ" என்று ஆணையிடத் தெரியவேண்டும், எழுதுகிறவர் தவறாக எழுதியிருப்பாரோ என்று சந்தேகம் வந்தால் வாசிக்கச்சொல்லிக் கேட்கத் தெரியவேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து கணினியும் பழகட்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. 2016-இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்தில் பதிவு செய்தால் பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் நூல்கள் கிடைக்கும். ஆனால் இவை பிரெய்லுக்குப் பதில் அல்ல. காதால் மட்டும் படித்த பிள்ளைக்கு ல, ள, ழ வேறுபாடு எழுத்தில் எங்கே வருகிறது என்று தெரியவே தெரியாது.

அடுத்த ஆசிரியருக்கு ஒரு தாள்

ஏப்ரலில் பதிவேடுகளை ஒப்படைக்கும்போது இந்தக் குழந்தைக்கென்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஜூனில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். போன வருடம் ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்:

"உயிர், மெய் முடிந்தது. உயிர்மெய்யில் கௌ வரிசை மட்டும் தடுமாறுவான். மணிச்சட்டத்தில் இரண்டு இலக்கக் கூட்டல் செய்வான், கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் இல்லை. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், அதனால் ஜன்னல் அவனுக்கு இடப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் கூசுகிறது என்று தலையைக் கவிழ்த்துக்கொள்வான். கழிப்பறைக்குத் தனியாகப் போவான், யாரையும் கூட அனுப்பவேண்டாம், கோபப்படுவான். ஸ்லேட்டின் கீல் தளர்ந்திருக்கிறது, தாள் நழுவினால் அவனைத் திட்டாதீர்கள். கோலிக்குண்டு டப்பா பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. பதினெட்டு குண்டு. எண்ணி வாங்கிக்கொள்ளவும், பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான்."